தூக்கு வேண்டாமென்றால் பாதுகாப்பு?

கேள்வி: கொலைகாரனையும் தூக்கிலிடக் கூடாது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. அவனால் சிறைக் காவலருக்கும் சக கைதிகளுக்கும் ஆபத்து வந்தால்? (வாசகர், தக்கலை)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. சமூகத்தைக் காக்க வேறு வழியே இல்லையென்றால் மரண தண்டனை தரலாம் என்றுதான் திருச்சபையும் முன்பு சொல்லிவந்தது. 2018-இல் போப் பிரான்சிஸ் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் பத்தியைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று மாற்றினார். மக்களைக் காக்கும் அளவுக்குச் சிறைகள் மேம்பட்டுவிட்டன, குற்றவாளி திருந்தும் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது என்பவை அதற்கான காரணங்களில் முக்கியமானவை. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை நல்ல சிறைதான்: போதிய காவலர்கள், நெரிசலில்லாத அறைகள், முரடர்களைத் தனியே வைக்கும் ஏற்பாடு.

நம் கன்னியாகுமரி மாவட்ட மண்ணுக்கு இதில் தனிப் பங்குண்டு. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் திருவிதாங்கூர் அரசின் வீரர்கள், கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமான அவரை 2022-இல் திருச்சபை புனிதராக அறிவித்தது. அதே திருவிதாங்கூர் 1944-இல் மரண தண்டனையை ஒழித்தது. அப்போது இந்த மாவட்டமும் அதில்தான் இருந்தது.

சிறையில் பாதுகாப்பு கைதிக்கும் வேண்டும். பார்க்கின்சன் நோயால் தம்ளரைப் பிடிக்க முடியாத இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, ஓர் உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றம் போனார். விசாரணைக் கைதியாகவே 2021 ஜூலை 5-இல் இறந்தார். தூக்குக் கயிற்றை எதிர்க்கும் நாம் இத்தகைய சிறைச் சாவுகளையும் தடுக்கப் போராட வேண்டும்.