சாய்வு மிதிவண்டியும் மலையேற்றமும்

சாய்ந்தமர்ந்து ஓட்டும் மிதிவண்டிக்குக் காற்றின் தடை குறைவு. ஆதலின் சமதரையில் அது விரைந்தோடும். 1933-ல் பிரான்சில் ஷார்ல் மோஷே அமைத்த இத்தகைய வண்டியில் ஃபிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டினார்.

செங்குத்தான ஏற்றத்தில் இந்நன்மை மறைகிறது. அங்கே வேகம் குறைவு. புவியீர்ப்பே முதன்மையான தடை. 90 கிலோகிராம் மொத்த எடையை நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் உயர்த்தவே சுமார் 146 வாட் திறன் வேண்டும். ஓட்டுபவர் எழுந்து நின்று மிதிக்கவும் இயலாது. முதுகைச் சாய்மானத்தில் ஊன்றியே உந்துகிறார்.

அவ்வேற்றத்தின் கோணம் ஏறத்தாழ 5.7 பாகை. வண்டியின் முன்புறம் அவ்வளவு உயர்வதால், 30 பாகையில் அமைந்த சாய்மானம் கிடைமட்டத்திலிருந்து சுமார் 24 பாகையாகத் தாழ்கிறது. தலை பின்சரிவதால் சாலையை நோக்குவதும், மெதுவான ஓட்டத்தில் சமநிலை காப்பதும் கடினமாகின்றன. சாய்மானத்தை 5 அல்லது 6 பாகை நிமிர்த்தினால் பழைய நிலை மீளும். ஆனால் உடலுக்கும் தொடைக்கும் இடைப்பட்ட கோணம் குறுகும். இருக்கைக்கும் மிதிக்கும் உள்ள தூரமும் மாறக்கூடும். அதனைச் சரிசெய்யாவிடில் முழங்கால் வருந்தும். எனவே சிறிது சிறிதாக மாற்றி ஓட்டிப் பார்த்தல் நன்று.

சாய்மானத்தை மாற்றுவதால் ஏற்றத்திற்கு வேண்டிய திறன் குறைவதில்லை. குறைந்த கியர் இன்றியமையாதது. கோணமானியும் தூக்குக்குண்டும் கொண்டு மாணவர் இக்கோணங்களைத் தாமே அளந்தறியலாம்.