பெல்லட் அடுப்பில் வெப்பக் கட்டுப்பாடு

வைக்கோல், கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல் ஆகிய வேளாண் கழிவுகளை அரைத்து, அழுத்தி, சிறு உருளைகளாக ஆக்கிய எரிபொருளே பெல்லட் எனப்படுகிறது. தில்லியை அடுத்த தாத்ரி அனல்மின் நிலையத்தில் 2017-ஆம் ஆண்டில் இது நிலக்கரியுடன் கலந்து எரிக்கப்பட்டது. வீட்டு அடுப்பிலும் இதற்கு இடமுண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் உருவான ‘ஊர்ஜா’ அடுப்பு 2006-இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் பெல்லட்டின் விலை உயரவே, பல இல்லங்கள் அதனைக் கைவிட்டன. ஆகவே எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் முறையை அறிவது இன்றியமையாதது.

காற்றே கட்டுப்பாடு

இவ்வகை அடுப்பில் ஒரு சிறு விசிறி காற்றைச் செலுத்துகிறது. அடியிலிருந்து வரும் முதற்காற்று பெல்லட்டை வாயுவாக மாற்றுகிறது; மேல்துளைகள் வழியே வரும் துணைக்காற்று அவ்வாயுவை எரிக்கிறது. முதற்காற்றைக் குறைத்தால் வாயு குறையும், வெப்பமும் தணியும். துணைக்காற்று போதாவிடில் புகையும் கார்பன் மோனாக்சைடும் வெளிப்படும். மிகுதியாயினோ வெப்பம் காற்றோடு வீணாகும். உயர்நிலையில் நெடுநேரம் எரித்தால் வைக்கோல் பெல்லட்டின் சாம்பல் உருகிக் கட்டியாகிக் காற்றுவழியை அடைப்பதும் உண்டு.

ஒரு கணக்கு

ஒரு கிலோ பெல்லட்டில் ஏறத்தாழ 15 மெகாஜூல் வெப்பம் உள்ளதெனக் கொள்வோம். மணிக்கு ஒரு கிலோ எரிந்தால் அடுப்பின் திறன் சுமார் 4.2 கிலோவாட். அதில் 35 விழுக்காடு பாத்திரத்தை அடைந்தால், பயன்படுவது ஏறக்குறைய 1.5 கிலோவாட். எரியும் அளவு பாதியானால் வெளிப்படும் வெப்பமும் பாதியாகும்.

உலை கொதித்தபின் நீரின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்வதில்லை. அதன்பின்னும் தீயைப் பெருக்குவதால் நீர் ஆவியாகுமேயன்றி, அரிசி விரைந்து வேகாது. எனவே கொதிக்கும் வரை உயர்நிலை, பின்னர்த் தாழ்நிலை என்பதே முறை. உலர்ந்த பெல்லட்டை மேல்துளைகளுக்குக் கீழே நிற்குமாறு இட்டு, மேற்புறத்தில் பற்றவைத்தல் வேண்டும். நிலையைக் குறைத்ததும் புகை எழுந்தால், சற்றே உயர்த்த வேண்டும். மூடிய அறையில் எந்நிலையிலும் எரித்தலாகாது. தில்லியின் குளிர்காலத்தில் அங்கீட்டிக் கணப்பினால் நேரும் உயிரிழப்புகள் இதற்கு எச்சரிக்கையாகும்.

திட்டத்திற்கு ஒரு படிப்பினை

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2013-இல் திருத்திய 13152-ஆம் தர விதி, விசிறி அடுப்புக்குக் குறைந்தது 35 விழுக்காடு வெப்பத்திறனை வகுத்தது. ஆயினும் சோதனைக்கூடத்தில் பெறும் திறன், பயன்படுத்துவோர் காற்றைச் சரிவரக் கையாண்டால் மட்டுமே சமையலறையில் கிட்டும். 1983-இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002-இல் முடிவுற்றது. அதன்கீழ்ப் பல அடுப்புகள் பராமரிப்பின்றிப் பயனற்றுப் போயின. அடுப்பை வழங்குவதோடு அதனை எரிக்கும் முறையையும் கற்பிப்பதே திட்டத்தை நிறைவு செய்யும்.