வேதபாடம்: வாசலுக்கு வெளியே நின்ற படுக்கை

வாசிக்க: மாற்கு 2:1-12; லேவியராகமம் 19:14; லூக்கா 14:15-24



கப்பர்நகூமில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த சம்பவத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அந்த நாலு பேரின் விசுவாசத்தைப் பற்றி நாம் அநேக பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். இம்முறை வாசலைக் கவனித்து வாசிப்போம். அதை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் வசனம் கேட்க வந்த ஜனங்கள். ஆனாலும் ஒருவராவது விலகி வழிவிட்டதாக மாற்கு எழுதவில்லை. கூரையைப் பிரித்ததற்காக ஆண்டவர் கோபித்துக்கொண்டதாகவும் எழுதவில்லை.

இந்தப் பகுதியை இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. மண்டகப்பட்டுப் பக்கத்துக் கிராமத்துச் சகோதரர் ஒருவர் பனைமரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு நம்மிடம் வந்தார். பல மாதச் சிகிச்சைக்குப்பின், உங்கள் காணிக்கையில் வாங்கிய சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு அனுப்பினோம். பிறகு வீடு சந்திக்கப் போன நம் நர்சுகள் கண்டது, திண்ணையில் மடக்கி வைத்த நாற்காலியும் அதன்மேல் சாய்த்திருந்த நெல் மூட்டையும்தான். அவர் வீட்டுக்குள்ளேயே படுத்திருந்தார். ஆலயத்துக்கு நாலு படி. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாலிபர்கள் அன்போடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதன்பின் அவர் வர மறுத்துவிட்டார். “நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போறது கடைசியா ஒரு தடவை போதும், சிஸ்டர்” என்றாராம்.

இதைக் கேட்டபோது நமக்கும் வெட்கமாயிருந்தது. உடம்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம். நாலு படிகளை யோசிக்கவில்லை. சுமக்கிறவர்களின் அன்பு பெரியதுதான். ஆனால் சுமக்கப்படுகிறவரின் மனதை நாம் கேட்பதில்லை.

மிஷன் ஆஸ்பத்திரிகளின் சரித்திரத்தில் இதை உள்ளிருந்தே அறிந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய அவர் 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். டாக்டர் பால் பிராண்ட் அவரை மறுபடியும் அறுவைசிகிச்சைக்கு ஊக்குவித்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் அறுவைசிகிச்சை செய்தார். பின்பு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டவர்கள் அங்கே தங்கி, நாற்காலியை ஓட்டவும், தங்கள் வேலையைத் தாங்களே செய்யவும், ஒரு தொழிலுக்குத் திரும்பவும் பழகுகிறார்கள். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மற்றவர்கள் ‘பாவம்’ என்று பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒரு துறையையே நடத்தினார். படி இல்லாத வழியும், அகலமான கதவும் இருந்தால் போதும்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1995-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததே 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற அது கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022-ல் முடிந்துவிட்டது. பொதுக் கட்டடம் என்றால் தாலுகா ஆபீசும் பஸ் நிலையமும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வழிபாட்டுக்குப் பயன்படும் கட்டடங்களும் அதில் சேர்த்தியே. கடற்கரை மணலிலும் இது முடியும் என்று காட்டியிருக்கிறார்கள்: 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் அலை அருகே போகும்படி 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பழுதுபார்த்து மறுபடியும் திறந்தார்கள்.

இனி நம் ஆலயங்களுக்கு வருவோம். ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதே சாய்தளத்தின் கணக்கு. ஆறு அங்குலப் படி நாலு என்றால் 24 அடி நீளம் வேண்டும். பைக் ஏற்ற வாசலில் போடும் குத்துச்சரிவில் நாற்காலி ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது ஆள் கவிழ்ந்துவிடுவார். நாலடி அகலம் இருக்கட்டும். இருபுறமும் கைப்பிடியும், சக்கரம் நழுவாதபடி ஓரத்தில் சிறு திட்டும் வேண்டும். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சே நல்லது. கதவு திறந்தபின் மூன்றடி இடைவெளி இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். ஜெனரேட்டரும் செருப்புக் குவியலும் கிடக்கும் பின்வாசலில் சாய்தளம் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லாதிருங்கள்.

லேவியராகமத்தில் கர்த்தர் செவிடரையும் குருடரையும் பற்றிப் பேசுகிறார். குருடன் வழியில் இடறல் வைக்கக் கூடாது என்கிறார். ஆகவே பாட்டு எண்ணைப் பலகையில் எழுதினால் போதாது, வாயாலும் சொல்லுங்கள். நடைபாதையில் பெஞ்சு போடாதிருங்கள். சைகை மொழி அறிந்த ஒருவராவது சபையில் உண்டா என்று விசாரியுங்கள்.

“எங்கள் ஆலயம் பழமையானது, கல் கட்டடம், கை வைக்க முடியாது” என்று சில சபைகள் எழுதுகின்றன. நம் மண்டகப்பட்டிலேயே 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குன்றைக் குடைந்து கோயில் எடுத்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் செய்ததாகக் கல்வெட்டும் வைத்தான். அவன் மலையைக் குடைந்தான். நமக்கு வேண்டியது சில மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரும்தான்.

அந்தச் சகோதரரின் சபைக் கமிட்டியார் போன மாதம் வந்து பேசினார்கள். நேராக 24 அடிக்கு முன்புறம் இடமில்லை. 12 அடியில் சமதளம் வைத்துத் திருப்பி, பக்கவாசலில் சேர்க்கிறார்கள். செலவில் ஒரு பங்கைச் சபையாரே தருகிறார்கள். மீதிக்காகவே உங்களிடம் கேட்கிறோம். எல்லாரும் பாயில் உட்காரும் ஆலயம் அது. நாற்காலியை எங்கே நிறுத்துவது என்று எங்களைக் கேட்டார்கள். அவரிடமே கேட்கச் சொன்னோம். தூண் ஓரமாக, மின்விசிறிக்குக் கீழே என்று சொல்லியிருக்கிறார்.