அன்னியும் ஸாண்டியும்

சிறுவர்க்கென எழுந்தவற்றைச் சிறியவை எனத் தள்ளுதல் கற்றோரிடையும் காணப்படும் வழக்கமாகும். அவற்றுள்ளும் படக்கதை, கண்டு களித்துப் பின் மறத்தற்குரியதென்றே கருதப்படுகின்றது. ஆயினும், ஓர் அநாதைச் சிறுமியையும் அவள் வளர்த்த நாயையும் பற்றிய படக்கதை ஒன்று எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைகளில் வெளிவந்து, சிறாரையும் முதியோரையும் ஒருங்கே பிணித்து வைத்ததெனின், அதன் காரணத்தை ஆராய்தல் நமக்குத் தகுவதேயாம்.

அக்கதை 'லிட்டில் ஆர்பன் அன்னி' எனப்படும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இல்லினாய் மாகாணத்தில் 1894-ஆம் ஆண்டு பிறந்த ஹாரல்ட் கிரே என்னும் ஓவியர் இதனை இயற்றினார். இது 1924-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ஆம் நாள் 'நியூயார்க் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் தொடங்கியது. கதைத் தலைவியின் பெயர், ஜேம்ஸ் விட்கம் ரைலி என்னும் புலவர் 1885-இல் வெளியிட்ட பாட்டொன்றை நினைவூட்டுவதாகும்.

தாய் தந்தையரற்ற அன்னி, அன்பறியாத தலைவி ஒருத்தியின் ஆட்சிக்குட்பட்ட அநாதை விடுதியிலே துயருற்றிருந்தாள். செல்வச் சீமாட்டியாகிய வார்பக்ஸ் அம்மையார், சின்னாள் வைத்துப் பார்ப்போம் என்னும் கருத்துடன் அவளைத் தம் மாளிகைக்கு அழைத்துச் சென்றார். அவர்க்குக் குழந்தையின்பால் அன்பில்லை. தம்மையொத்த சீமாட்டிகள் தம்மைப் புகழவேண்டும் என்பதே விருப்பம். வெளியூர் சென்றிருந்த அவர்தம் கணவர் ஆலிவர் வார்பக்ஸ் திரும்பி வந்ததும், அச்சிறுமியைத் தம் மகளாகவே கொண்டு, தம்மைத் 'தந்தையே' என்று அழைக்கும்படி பணித்தார். ஒரே வீட்டில் ஒரே குழந்தைக்குச் செய்த ஒரே உதவி, ஒருவரிடத்துப் புகழ் வேட்கையாகவும் மற்றவரிடத்து அன்பாகவும் அமைந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. கொடையின் இயல்பைக் கொடுக்கும் பொருள் காட்டுவதில்லை; கொடுப்போர் நெஞ்சமே காட்டும்.

இனி, நாயின் வரவை நோக்குவோம். 1925-ஆம் ஆண்டு ஜனவரியில், தீய சிறுவர் சிலர் நாய்க்குட்டி ஒன்றைத் துன்புறுத்தக் கண்ட அன்னி, அவரை எதிர்த்து அதனை மீட்டு, ஸாண்டி எனப் பெயரிட்டு வளர்க்கலானாள். அதுகாறும் அவள் பிறர் இரக்கத்தைப் பெறுபவளாகவே இருந்தாள். தன்னினும் எளிய உயிரைக் கண்ட அன்றே கொடுப்பவளானாள். பொருளில்லார்க்கு ஈகை கூடுமோ என்பார்க்கு இதுவே விடை. தனக்கென்று உறைவிடமில்லாத குழந்தை, வாயற்ற ஓர் உயிர்க்குத் தானே உறைவிடமாயினாள். பின்னர் வார்பக்ஸைப் பிரிந்து ஊர் ஊராய் அலைந்த நாளெல்லாம் ஸாண்டியே அவளுக்குத் துணையாயிற்று.

கிரேயின் ஓவிய முறையும் கருதற்பாலது. அன்னியின் கண்கள் கருமணியின்றி வெறும் வட்டங்களாகவே வரையப்பட்டன. இதனைக் குறையென்பாரும் உளர். அவ்வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு படிப்போரைச் சாருகின்றது என்பதே என் கருத்து. அவள் அழுகின்றாளோ, அஞ்சுகின்றாளோ என்பதைக் கதையின் போக்கால் நாமே உணர்ந்து அக்கண்களில் ஏற்றிக் காண்கின்றோம். ஸாண்டியின் மொழியும் இத்தகையதே. 'ஆர்ஃப்' என்னும் ஒரே குரைப்பொலியன்றி அதற்கு வேறு பேச்சில்லை. மகிழ்ச்சி, அச்சம், எச்சரிக்கை ஆகிய யாவற்றிற்கும் அவ்வொலியே கருவியாக, இடம் நோக்கிப் பொருள் வேறுபடுகின்றது. சொற்சுருக்கத்தால் பொருட்பெருக்கம் உண்டாதலை இலக்கிய மாணவர் இங்கும் கண்டு கொள்ளலாம்.

இக்கதை குற்றமற்றதென்று கூறுதல் இயலாது. கிரே, அதிபர் ரூஸ்வெல்டு கொணர்ந்த 'புதிய ஏற்பாடு' என்னும் திட்டத்தை வன்மையாக வெறுத்தவர். அரசாங்க உதவியை நாடாது ஒவ்வொருவரும் தம் உழைப்பாலேயே உயர்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1944-இல் வார்பக்ஸ் மாண்டதாக எழுதிய அவர், 1945-இல் ரூஸ்வெல்டு காலமான பின் அவரை மீண்டும் உயிருடன் தோன்றச் செய்தார். சிறுவர் விரும்பும் கதையை அரசியல் பூசலுக்கு அரங்கமாக்கியது முறையோ என ஐயுறுதல் இயல்பே.

தன்முயற்சி போற்றத்தக்கதே, அதனை மறுப்பாரிலர். ஆயினும் அநாதைகள் யாவர்க்கும் ஒரு வார்பக்ஸ் கிட்டுவதில்லை. அன்றியும், ஆசிரியர் கொள்கையை அவர் கதையே மறுத்து நிற்கின்றது. என்னை? ஸாண்டி தன் வலிமையால் தப்பிற்றில்லை. ஒருத்தி இடைபுகுந்தமையாலன்றோ பிழைத்தது? நலிந்தார்க்கு உழைப்பைப் பற்றி உபதேசிப்பதற்கு முன்னர் அவரை அடிப்பார் கையைத் தடுத்தல் வேண்டும் என்பதை அந்நாய்க்குட்டி நமக்குக் கற்பிக்கின்றது.

கிரே 1968-இல் மறைந்தார். பின்னர் வேறு பலர் கதையைத் தொடர்ந்தனர். 1977-இல் அது நியூயார்க்கில் இசை நாடகமாக அரங்கேறியது. அந்நாடகத்தில் ஸாண்டியாக நடித்த நாயும் கைவிடப்பட்ட விலங்குகளைப் பேணும் நிலையம் ஒன்றினின்று பெறப்பட்டதென்பது மிகவும் பொருத்தமுடைய செய்தியாகும்.

2010-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் படக்கதை நிறுத்தப்பட்டது. அப்பொழுது அன்னி கொடியோன் ஒருவன் கையிற் சிறைப்பட்டிருந்தாள். வார்பக்ஸ் அவளைக் காணாது வருந்தியிருந்தார். கதை முடிவு பெறவில்லை. 2014-இல் 'டிக் டிரேஸி' என்னும் வேறொரு படக்கதையை எழுதுவோர் அன்னியைத் தம் கதையுட் கொணர்ந்து, அவளை மீட்டு வார்பக்ஸிடம் சேர்ப்பித்தனர். அவள் அவர் படைத்த குழந்தையல்லள். எனினும், நடுவழியில் விடப்பட்ட சிறுமியைக் கண்டு வாளாவிருக்க அவர் மனம் ஒப்பவில்லை போலும். 1925-இல் தெருவிலே அன்னி செய்த செயலும் அதுவேயன்றோ?

தனக்குரியதன்று என்று ஒதுங்கிப் போகாமையே அன்பின் தொடக்கமாகும். இதனைச் சில கோடுகளாலும் ஒரு குரைப்பொலியாலும் உணர்த்தவல்ல கதையைச் சிறியதென எங்ஙனம் இகழ்வோம்?