தொகுப்பா, தனித் தேர்வா? வீட்டுத் தொலைக்காட்சி பற்றி ஓர் ஆய்வு

மும்பைத் தொலைக்காட்சி நிலையம் 1972 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது, பார்ப்பவருக்குத் தேர்வு என்ற ஒன்றே இல்லை. கிடைத்ததைக் காண்பதே முறை. இன்று தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரு வழிகள் உள்ளன. கேபிளோ டிஷ்ஷோ தரும் சேனல் தொகுப்பு ஒன்று. இணையத்தின் வழியே வேண்டியதை வேண்டியபொழுது வரவழைக்கும் சிறு கருவி மற்றொன்று. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதே ஆராயத்தக்கது.

தொகுப்பின் இயல்பு

தொகுப்பு பந்தி விருந்து போன்றது. வேண்டியதும் வேண்டாததும் ஒரே இலையில் வரும். விலையோ இலை முழுவதற்கும். ஐந்து தமிழ்ச் சேனல் பார்க்கும் வீடு, திறந்தே பாராத பல சேனல்களுக்கும் பணம் கட்டுகிறது.

இக்குறையை நீக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2017இல் புதிய விதிகளை வகுத்தது. அவற்றை எதிர்த்து ஸ்டார் இந்தியா நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, உச்சநீதிமன்றம்வரை சென்றது. விதிகள் செல்லும் என்று 2018 அக்டோபர் 30 அன்று தீர்ப்பாயிற்று. 2019 பிப்ரவரி முதல், கட்டணச் சேனல்களைத் தனித்தனியே விலைக்குப் பெறும் உரிமை நடைமுறைக்கு வந்தது. ஆனால் உரிமை தானாக வீடு தேடி வராது. நாம்தான் கேட்டுப் பெறவேண்டும்.

சேனல் விலையோடு இணைப்புக் கட்டணமும் உண்டு. 2019இல் அதன் வரம்பு, 100 சேனல்களுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய். 2024 ஜூலையில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. ஆகவே பழைய கணக்கை நம்பாமல் இம்மாத ரசீதைப் பார்ப்பதே அறிவுடைமை.

கருவியின் கணக்கு

கருவியை ஒருமுறை வாங்கினால் போதும் என்பர். அது பாதி உண்மை. செலவு மூன்று இடங்களில் நிற்கிறது: கருவி, இணையம், ஒவ்வொரு செயலிக்கும் தனிச் சந்தா. ஹெச்டி படம் ஒரு மணி நேரம் ஓட ஏறத்தாழ 3 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 4 மணி என்றால் மாதம் 360 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டம் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனவே பிராட்பேண்ட் இன்றிக் கருவி வாங்குவது, கிணறு வெட்டாமல் வாளி வாங்குவதாகும். பிள்ளைகளின் படிப்புக்காக அவ்விணைப்பு முன்பே உள்ள வீட்டில் மட்டும் கருவி சிக்கனமாகலாம்.

இடமும் மழையும்

டிஷ்ஷுக்கு வேறொரு தேவை உண்டு. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டின் மேல், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. மும்பையிலிருந்து காண அது தெற்கே சாய்ந்த வானில் இருக்கும். தாராவியின் நெருங்கிய சந்துகளில் அத்திசை மறைந்தால் படம் வராது. திசை திறந்திருந்தாலும், ஆடி மாதப் பெருமழை அந்நுண்ணலைகளை விழுங்கிப் படத்தை நிறுத்திவிடும். மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் இது பொருந்தும். அதில் டிடி தமிழ் உண்டு. ஆனால் தனியார் சேனல்களின் தொடர்களை நாடுவோர்க்கு அது போதாது.

கணக்கில் வாராத ஒன்று

இங்கே பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளை, தமிழைக் கேட்பது பெரும்பாலும் வீட்டில்தான். பாட்டி பார்க்கும் தொடரை அருகிருந்து பார்க்கும் பேரன், "இப்போ அவ ஏன் பாட்டி அழறா?" என்று கேட்கிறான். அவ்வொரு கேள்வியில் ஒரு மொழிப்பாடம் நடக்கிறது. ஆளுக்கொரு திரை வந்தபின் அக்கேள்வி எழுவதில்லை. கருவி பழந்தமிழ்ப் படங்களையும் தரவல்லது. ஆனால் பாட்டியால் அதனைத் தானே இயக்க முடியாவிடில், அவர் பேரனின் ஓய்வுக்குக் காத்திருக்க நேரும்.

முடிவு

ஒரு வாரம் குறிப்பேடு ஒன்றைத் தொலைக்காட்சியின் அருகே வையுங்கள். யார், எதை, யாருடன் பார்த்தார் என்று எழுதுங்கள். பெயர்கள் பத்துக்குள் அடங்கினால், அச்சேனல்களைத் தனித்தனியே வாங்கலாம். பார்ப்பவை பெரும்பாலும் திரைப்படங்களாகவும், இணையம் முன்பே இருப்பதாகவும் கண்டால், கருவியை நாடலாம். எதைத் தேர்ந்தாலும் அனைவரும் கூடியிருந்து காணும் ஒரு மணி நேரத்தை வீட்டில் காத்துக்கொள்ள வேண்டும். மாதம் நூறு ரூபாய் மிச்சமாவது நல்லதே. அதற்கு விலையாகப் பாட்டியின் தமிழைக் கொடுத்துவிடலாகாது.