துருவத்திலிருந்து வந்த பாடம்

உலக உருண்டையைப் பாருங்கள். அதன் உச்சியில் இருப்பது வடதுருவம். அடியில் இருப்பது தென்துருவம். இரண்டும் பனி மூடிய இடங்கள். ஆனால் இரண்டும் ஒன்று போல் இல்லை.

வடதுருவத்தில் இருப்பது கடல். அந்தக் கடலின் மேல் பனி மிதக்கிறது. தென்துருவத்தில் இருப்பது நிலம். அது ஒரு கண்டம். பெயர் அண்டார்டிகா. இந்தியாவைப் போல் நான்கு மடங்குக்கும் பெரியது. அந்த நிலத்தின் மேல் பனி மூடிக் கிடக்கிறது. பனியின் சராசரிக் கனம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர்.

அங்கே கடுங்குளிர். உழவு இல்லை, சந்தை இல்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் போகிறார்கள். சில காலம் தங்குகிறார்கள். பிறகு திரும்புகிறார்கள். இந்தியாவின் முதல் குழு கோவாவிலிருந்து கப்பலில் புறப்பட்டது. 1982 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்தது. இந்தியாவுக்கு அங்கே ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. மைத்ரி நிலையம் 1989-இல் அமைந்தது. பாரதி நிலையம் 2012-இல் அமைந்தது.

பனிக்குள் பழைய காற்று

பனியில் என்ன ஆராய்ச்சி? ஆழ்துளைக் கிணறு தோண்டுவது போல் பனியைத் துளைக்கிறார்கள். நீண்ட பனித்தண்டுகளை வெளியே எடுக்கிறார்கள். அந்தப் பனிக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் இருக்கும். அது பழைய காலத்துக் காற்று. ஆழம் போகப் போக காலமும் பின்னே போகும். ஓர் இடத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே துளைத்தார்கள். அங்கே கிடைத்த பனிக்கு வயது 8 லட்சம் ஆண்டு!

அந்தக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று அளந்தார்கள். பழைய காலத்தில் அது 10 லட்சம் பங்கு காற்றில் 300 பங்கைத் தாண்டியதே இல்லை. இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதால் இது கூடுகிறது. இந்த வாயு கம்பளி போர்த்தியது போல் பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

ஆசிரியர்களும் போனார்கள்

விஞ்ஞானிகள் கண்டது எல்லாருக்கும் தெரிய வேண்டாமா? அமெரிக்காவில் ஒரு வழி செய்தார்கள். பள்ளி ஆசிரியர்களையும் ஆராய்ச்சிக் குழுவோடு துருவத்துக்கு அனுப்பினார்கள். 2007-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் போலார்டிரெக். ஆசிரியர் அங்கே 2 முதல் 6 வாரம் வரை தங்குவார். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. குழுவோடு சேர்ந்து வேலை செய்வார். அங்கிருந்தே மாணவர்களுக்கு எழுதுவார். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்.

அப்படிப் போய்வந்த ஆசிரியை ஒருவர் வகுப்பில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கிறார்:

"பனி உருகினால் கடல் மட்டம் உயருமா?"

பாதிப் பிள்ளைகள் "உயரும்" என்கிறார்கள். மீதிப் பேர் "உயராது" என்கிறார்கள்.

"என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். செய்து பார்ப்போம்" என்கிறார் ஆசிரியை.

மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். முதல் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஐஸ்கட்டியை மிதக்க விடுகிறார். இரண்டாவது டம்ளரில் ஒரு கல்லை வைக்கிறார். கல்லின் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் ஊற்றுகிறார். ஐஸ்கட்டியைக் கல்லின் மேல் வைக்கிறார். இரண்டு டம்ளர்களிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் மையால் கோடு போடுகிறார். எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

ஐஸ் உருகிவிட்டது. முதல் டம்ளரில் தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது. இரண்டாவதில் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டது!

"ஏன் இப்படி?" என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

"மிதக்கும் ஐஸ் முன்பே தண்ணீரைத் தள்ளி உயர்த்திவிட்டது. உருகும்போது, அது தள்ளிய இடத்தையே நிரப்புகிறது. கல்மேல் இருந்த ஐஸ் தண்ணீரைத் தொடவே இல்லை. உருகி ஓடியது புதுத் தண்ணீர். முதல் டம்ளர் வடதுருவக் கடல். இரண்டாவது டம்ளர் அண்டார்டிகா."

வடக்கே உள்ள கிரீன்லாந்து தீவும் இரண்டாவது டம்ளர் போலத்தான். அங்கேயும் பனி நிலத்தின் மேல்தான் இருக்கிறது.

ஒரு சாண் தண்ணீர்

அண்டார்டிகாவின் பனி முழுவதும் ஒரே நாளில் உருகிவிடாது. ஆனால் கொஞ்சம் உருகினாலே போதும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அதாவது ஏறக்குறைய ஒரு சாண். நிலத்தின் மேலுள்ள பனி உருகுவது ஒரு காரணம். கடல் நீர் சூடாகி விரிவது இன்னொரு காரணம்.

ஒரு சாண் தானே என்று நினைக்கலாமா? புயல் நாளில் அலை இன்னும் உள்ளே வரும். வயலில் உப்பு ஏறும். குடிக்கும் தண்ணீர் கரிக்கும். மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் கோராமாரா என்று ஒரு தீவு உண்டு. அதில் பாதிக்கும் மேல் தண்ணீருக்குள் போய்விட்டது. ஆற்றின் அரிப்பும் காரணம், கடல் உயர்வும் காரணம். நிலம் இழந்த பல குடும்பங்கள் பக்கத்துத் தீவுக்குக் குடிபோயின.

அவர்கள் தென்துருவத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே உருகும் பனி அவர்கள் வாசலுக்கு வருகிறது. அதனால்தான் துருவத்துப் பாடம் எல்லாருக்கும் வேண்டிய பாடம்.

செய்து பாருங்கள்

சர்பத் கடையில் இரண்டு ஐஸ்கட்டி வாங்குங்கள். இரண்டு டம்ளர் சோதனையை வீட்டில் செய்யுங்கள். என்ன நடக்கும் என்று முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள். பிறகு சேர்ந்து பாருங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் என்ன வேறுபாடு?
2. பனிக்குள் இருக்கும் குமிழிகள் எதைச் சொல்கின்றன?
3. இரண்டாவது டம்ளரில் தண்ணீர் ஏன் உயர்ந்தது?
4. கடல் ஒரு சாண் உயர்ந்தால் கரையோர மக்களுக்கு என்ன ஆகும்? கூடிப் பேசுங்கள்.