சாந்தோம் ஆலயம்

சென்னை மாநகரின் பழம்பகுதியாகிய மயிலாப்பூரில், கடலோசை கேட்கும் தொலைவில், வெண்ணிறக் கோபுரம் ஒன்று ஓங்கி நிற்கிறது. அதுவே சாந்தோம் ஆலயம். ஏசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் இந்நாட்டில் தொண்டாற்றி உயிர்நீத்தார் என்றும், அவர் உடல் மயிலைக் கடற்கரையில் அடக்கம் செய்யப்பெற்றது என்றும் கிறித்தவ மரபு கூறும். அவரைப் போர்த்துக்கீசியர் வழங்கிய பெயரே இப்பகுதிக்கும் பெயராயிற்று.

அவர் உடலின் எச்சங்கள் பிற்காலத்தில் எடெசா நகருக்கும், பின்னர் இத்தாலி நாட்டு ஒர்தோனா நகருக்கும் சென்றன என்பர். ஆயினும் மக்கள் அடக்கவிடத்தை மறந்தாரல்லர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிறித்தவரும் இசுலாமியரும் இங்கு யாத்திரை வந்ததையும், இவ்விடத்து மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொண்டதையும் தம் நூலில் குறித்துள்ளார்.

1523-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் இங்கே ஆலயப் பணியைத் தொடங்கினர். 1606-இல் அது ஆயரின் தலைமை ஆலயமாயிற்று. அப்பழங்கட்டடம் 1893-இல் அகற்றப்பெற்று, 1896-இல் இன்றைய ஆலயம் நிறைவெய்தியது.

அப்போஸ்தலர் ஒருவரின் கல்லறையை நாடி யாத்திரிகர் செல்லும் மற்றோர் ஆலயம் ஸ்பெயின் நாட்டுச் சாந்தியாகோவில் உள்ளது. 1075-இல் தொடங்கப்பெற்ற அது ரோமானெஸ்க் பாணியைச் சார்ந்தது. தடித்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் அப்பாணியின் இயல்புகள். சாந்தோம் ஆலயமோ, அதற்குப் பின்தோன்றிய காதிக் பாணியைத் தழுவியது. இதில் வளைவுகள் கூர்நுனி உடையவை. கூர்வளைவு கூரையின் பாரத்தைப் பெரிதும் கீழ்நோக்கிச் செலுத்தும். ஆதலின் சுவரை உயர்த்தவும், அகன்ற சாளரங்கள் அமைக்கவும் இயலும். அச்சாளரங்களின் வண்ணக் கண்ணாடி வழியே உள்ளே ஒளி பரவுகிறது.

இவ்வாலயத்திற்குக் கூர்ங்கோபுரங்கள் இரண்டு. மணிக்கூண்டின் மேலுள்ளது 155 அடி உயரம் உடையது. தொலைவிலிருந்தே கண்ணைக் கவர்வது. மற்றொன்று சிறியது, கட்டடத்தின் நடுவே, அடக்கவிடத்திற்கு நேர் மேலே அமைந்தது. அருகிலுள்ள கபாலீசுவரர் கோவிலிலும் இராசகோபுரம் வாயிலில் ஓங்கி நிற்க, கருவறையின்மேல் சிறு விமானமே விளங்குதல் காணலாம். பெருங்கோபுரம் வருவோரை அழைக்கும். சிறியது அவர் நாடி வந்த இடத்தைக் காட்டும்.

1956-இல் இவ்வாலயம் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. இன்று யாத்திரிகர் நிலத்தடிக் கூடத்தில் இறங்கி அடக்கவிடத்தை வணங்குகின்றனர். கட்டடம் மாறியது, கலைப்பாணி மாறியது, ஆண்ட அரசுகளும் மாறின. மாறாது நின்றது அவ்விடமும், அதனைப் போற்றிய மக்கள் நினைவுமே. கல்லால் எழுப்பிய கோவிலினும் மனத்தில் எழுப்பிய கோவில் உறுதியுடையது அன்றோ!